இரவல் தங்காத வீடு

வெள்ளிக்கிழமை மதியம். திண்டிவனத்துப் பஸ்ஸை விட்டு இறங்கி, உப்பளத்து வரப்பு வழியாகவே நடந்து வீடு வந்து சேர்ந்த ஜெசிந்தா, தோள்பையைக்கூட இறக்காமல் தண்ணீர்ப் பானையைத் தேடிப் போனாள். பானை இல்லை. பானை இருந்த மூலையில், அவளைவிட ஒரு சாண் உயரமாக, சிவப்பு நிறத்தில் ஒரு ஃபிரிட்ஜ் நின்றுகொண்டிருந்தது. அதன் கதவில் வேளாங்கண்ணி மாதா படம் ஒன்று ஒட்டியிருந்தது.

கல்லூரி விடுதியில் தங்கி மூன்றாம் ஆண்டு படிக்கிற பெண் அவள். மாதத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவாள். போன முறை வந்தபோது இந்த வீட்டில் மின்சாரத்தில் ஓடும் பொருள் என்று இருந்தது ஒரு மின்விசிறியும், அரசாங்கம் கொடுத்த மிக்ஸியும்தான்.

"எப்பம்மா வாங்கினீங்க?" என்று கேட்டாள்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அந்தோணியம்மாள் தலை நிமிரவில்லை. "அப்பா வந்து சொல்லுவாரு. கைகால் கழுவிட்டு வந்து சாப்புடு."

அம்மாவின் குரலில் புதுப்பொருள் வாங்கியவளின் மகிழ்ச்சி இல்லை. ஜெசிந்தா சுற்றிலும் பார்த்தாள். கூடத்தில் மெரூன் நிறத்தில் ஒரு சோபா. வாசலில் நிழலில் நிறுத்தியிருந்த பெரிய மோட்டார் சைக்கிளை வரும்போதே பார்த்திருந்தாள். யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் வீட்டில் வெளியாள் யாரும் இல்லை. உள்ளே அக்கா ரோஸ்லின் மட்டும் கரிப்பெட்டியால் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா உப்பு வாரும் நீளக் காம்புப் பலகை எப்போதும் சாய்ந்திருக்கும் சுவர் வெறுமையாக இருந்தது. அம்மா உப்புச் சுமக்கும் கூடையும் கண்ணில் படவில்லை.

அந்த நேரத்தில் பின்கதவைத் திறந்துகொண்டு பக்கத்து வீட்டுச் சுலோசனா உள்ளே வந்தாள். நேராக ஃபிரிட்ஜிடம் போனாள். திறந்தாள். ஒரு மாவுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள்.

"வாடி ஜெசி, இப்பத்தான் வர்றியா? எளைச்சிப் போயிருக்கியே. ஹாஸ்டல்ல சோறு போடறாங்களா, கண்ணுல காட்டிட்டு எடுத்துக்கிறாங்களா?"

"உங்க மாவு எதுக்கு அத்தை எங்க வீட்ல இருக்குது?"

"மாவும் என்னுது, பொட்டியும் என்னுது. நாளைக்கு உங்கக்காவைப் பாக்க வர்றாங்க இல்ல? அதுக்காக என் பொட்டி முந்தாநேத்தே உங்க வூட்டுக்கு விருந்தாளியா வந்துடுச்சி. எங்க வூட்டுக்காரரும் உங்கப்பாவும் தூக்கிட்டு வந்தாங்க. நான் தயிருக்கு ஒரு தரம், மாவுக்கு ஒரு தரம்னு நடந்துட்டு இருக்கேன். நல்ல உடற்பயிற்சி." சொல்லிவிட்டுச் சுலோசனா சிரித்தாள். அந்தோணியம்மாளின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, வந்த வழியே போய்விட்டாள்.

ஜெசிந்தா ஃபிரிட்ஜின் அருகில் போனாள். மாதா படத்தின் வலப்பக்க ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு யானைக் காது தெரிந்தது. சுலோசனா வீட்டு ஃபிரிட்ஜில் வெகுநாளாக ஒட்டியிருந்த பிள்ளையார் ஸ்டிக்கர் அது. மஞ்சளும் குங்குமமும் இட்டுப் படிந்துபோன பிள்ளையார். பிய்த்தால் சுலோசனாவின் மனசு நோகும் என்று, அப்படியே விட்டால் இரவல் குட்டு வெளிப்படும் என்று, மேலே மாதாவை ஒட்டிவிட்டிருக்கிறார்கள்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. அதைவிட மோசமான ஒன்று வந்தது. தான் நின்றுகொண்டிருந்த தரை கொஞ்சம் இறங்கியது போல இருந்தது.

காரணம் இருக்கிறது. அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. 'அடுத்தவங்க பொருள் நம்ம வூட்ல ராத்திரி தங்கக் கூடாது.' இது ஜெசிந்தாவின் அப்பா சூசைமாணிக்கம் வகுத்த சட்டம். பக்கத்து வீட்டில் வாங்கிய அரிவாள்மணையாக இருந்தாலும் விளக்கு வைப்பதற்குள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஏழாவது படிக்கும்போது வகுப்புத் தோழியின் குடையை மறந்துபோய் எடுத்து வந்துவிட்டாள் ஜெசிந்தா. நாள் முழுக்க உப்பு வாரிவிட்டு வந்த மனிதர், சோற்றில் கை வைக்காமல், மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு கடலோரக் குப்பம் வரைக்கும் நடந்துபோய் அந்தக் குடையைக் கொடுத்துவிட்டு வந்தார். திரும்பி வரும்போது அவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "நம்மகிட்ட ஒண்ணும் இல்ல பாப்பா. அதனாலதான் நிமிர்ந்து நடக்க முடியுது."

இந்த ஆண்டு தவக்காலத்தில் கல்லூரியில் தியானம் வைத்தார்கள். தியானம் கொடுக்க வந்த சாமியார், பெண்கள் எல்லோரையும் அவரவர் உடைமைகள் முழுவதையும் கட்டில்மேல் எடுத்து வைக்கச் சொன்னார். எது இல்லாமல் வாழ முடியும், எது இல்லாமல் முடியாது என்று யோசித்துப் பிரிக்கச் சொன்னார். அறைத்தோழி பூஜாவின் பொருள்கள் கட்டிலை நிறைத்து, நாற்காலிக்குப் போய், தரைக்கும் வந்தன. ஜெசிந்தாவுடையது பாதிக் கட்டிலைக்கூட மூடவில்லை. முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு அன்று மாலை எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று பேசினாள். "எங்க வீட்ல பொருள் கம்மி. ஆனா எங்கப்பா அடுத்தவங்களோட பேனாகூட எங்க வீட்ல ஒரு ராத்திரி தங்க விடமாட்டாரு. என்னால எது இல்லாமலும் இருக்க முடியும், அது ஒண்ணு இல்லாம இருக்க முடியாது." எல்லோரும் கைதட்டினார்கள். பூஜா அழுதேவிட்டாள்.

அந்தக் கைதட்டல் இப்போது ஜெசிந்தாவின் காதில் வேறு மாதிரி கேட்டது.

சூசைமாணிக்கம் சாயங்காலம் வந்தார். உயரமான மனிதர். உப்புத் தண்ணீரிலும் வெயிலிலும் கறுத்துப்போன உடம்பு. யாரிடமும் குனிந்து பேசிப் பழகாத கழுத்து. மகளைப் பார்த்ததும் வழக்கமாக முகம் மலரும். இன்று கண்ணைச் சந்திக்காமல், "வந்துட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

"இது எத்தனை ராத்திரியாப்பா நம்ம வீட்ல இருக்குது?" ஜெசிந்தா ஃபிரிட்ஜைக் காட்டிக் கேட்டாள்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "போன மாசம் உங்கக்காவைப் பாக்க வந்தாங்களே, அவங்க என்னா பண்ணாங்க தெரியுமா உனக்கு? வாசல்லயே நின்னாங்க. வூட்டை மேலயும் கீழயும் பாத்தாங்க. காபியக்கூடத் தொடாம, 'சொல்லி அனுப்பறோம்'னு போயிட்டாங்க. ரோஸ் ஒரு வாரம் யார் மூஞ்சியையும் பாக்கல. நீ ஹாஸ்டல்ல இருந்த. பாத்தது நான்."

"அதுக்காக?"

"அதுக்காகத்தான். இடையஞ்சாவடியில இருந்து வர்றாங்க. பையன் ஆரோவில்ல பேக்கரியில வேலை பாக்கறான். நல்ல இடம். நான் உப்பளம் எடுத்து நடத்துறேன்னு தரகர் சொல்லி வெச்சிருக்காரு. நாலு மணி நேரம். அவங்க போனதும் எல்லாத்தையும் அவங்கவங்க வூட்டுக்கு அனுப்பிடப் போறேன்."

"உப்பளம் கார்த்திகேசன் சாரோடது இல்ல? வாசல்ல நிக்கிற வண்டிகூட அவரோடதுதான?"

"ஆமா. சோபா குப்பத்து மாயவனோடது. வேற எதுனா கேக்கணுமா?" அவர் குரல் உயர்ந்தது. பிறகு தாழ்ந்தது. "நாளைக்கு ஒரு நாள் வாயைத் தொறக்காத ஜெசி. உனக்காக இல்ல, எனக்காக இல்ல. உங்கக்காவுக்காக."

இஸ்திரி போட்ட புடவையைப் பிடித்தபடி ரோஸ்லின் கதவோரம் நின்று தங்கையைப் பார்த்தாள். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, உப்புப் பாக்கெட் போடும் கொட்டகையில் வேலைக்குப் போகிறவள். இரண்டு பெண்களையும் படிக்க வைக்க முடியாது என்ற நிலை வந்தபோது, "ஜெசிதான் நல்லாப் படிக்கிறா" என்று அவளாகவே சொல்லி விலகிக்கொண்டவள். அந்தப் பார்வைக்கு முன்னால் ஜெசிந்தாவால் மறுக்க முடியவில்லை.

"தொறக்க மாட்டேன்" என்றாள்.

மறுநாள் காலையில்தான் மிச்சம் தெரிந்தது. விருந்தாளிகள் வருகிற நேரம் நெருங்கியும் அந்தோணியம்மாள் புடவை மாற்றவில்லை. வீட்டில் உடுத்தும் பழைய புடவையிலேயே அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ ஏம்மா கெளம்பல?"

"எனக்குக் காய்ச்சல்" என்றாள் அந்தோணியம்மாள்.

ஜெசிந்தா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

"தொட்டுப் பாக்காத. அப்படித்தான் சொல்லணும்னு அப்பா சொல்லிட்டாரு." அவள் தன் பாதங்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். "இந்தக் காலைப் பாத்தா எந்த மொதலாளி பொண்டாட்டின்னு நம்புவாங்க? தலையில வேற சும்மாடு வெச்ச எடம் வழுக்கையா இருக்குது. நீ போ. எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. ரோஸுக்காகத்தான."

அந்தப் பாதங்களை ஜெசிந்தா பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறாள். உப்புத் தண்ணீர் தின்று, வெளுத்து, வெடித்துப் பிளந்த பாதங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் விளக்கெண்ணெய் தடவிவிடுவது அவள் வேலை. அந்தக் கால்களை ஒளித்து வைக்க வேண்டியிருக்கும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. ஃபிரிட்ஜ் இரவல் வந்தது, சரி. அதற்கு இடம் விட்டுப் பானை வெளியே போனது, அதுவும் சரி. இப்போது சோபாவுக்கு இடம் விட்டு அம்மா வெளியே போகிறாள்.

அவர்கள் பத்து மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா சின்னப்பன், அம்மா பிலோமினா, மாப்பிள்ளை அருள்தாஸ், கூட அவர்கள் ஊர் மாதா கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார். சின்னப்பன் அதிகம் பேசாதவர். பிலோமினா நிறையப் பேசினாள்.

"அம்மா எங்க, காணமே?"

"நேத்துல இருந்து காய்ச்சலுங்க. படுத்திருக்கா" என்றார் சூசைமாணிக்கம். கைகளை மடித்து அக்குளுக்குள் வைத்திருந்தார், காய்ப்பேறிய உள்ளங்கை தெரியாமல்.

"அடடா. ஒரு எட்டுப் பாத்துட்டு வரட்டா?"

"வேணாங்க. ஒட்டிக்கிற காய்ச்சல்."

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் கண்ணாடி டம்ளர்களில் வந்து சின்ன மேசையில் இருந்தது. ரோஸ்லின் காபித் தட்டோடு வந்து நின்றாள். அருள்தாஸ் நிமிர்ந்து பார்த்தான், அவளும் பார்த்தாள். பிடித்திருக்கிறது என்பது இரண்டு பேர் முகத்திலும் எழுதியிருந்தது. சூசைமாணிக்கத்தின் தோள்கள் முதன்முறையாகக் கொஞ்சம் இறங்கின.

உபதேசியார் தொண்டையைச் செருமினார். "எதையும் வாயில வெக்கிறதுக்கு முன்னால, பேச்சு தொடங்குறதுக்கு முன்னால, ஒரு நன்றி ஜெபம் சொல்லிடுவோம். இந்த வீட்ல காலேஜ் படிக்கிற பொண்ணு இருக்குதாமே. அது சொல்லட்டும்."

ஜெசிந்தா திடுக்கிட்டாள். "அப்பா சொல்லட்டுங்க."

"நீயே சொல்லும்மா" என்றார் சூசைமாணிக்கம். வாயைத் திறக்காதே என்று தானே சொன்னதைப் பெருமையில் மறந்துவிட்டார். "காலேஜ்ல மேடையில நின்னு ஜெபம் சொல்ற பொண்ணுங்க."

எல்லோரும் எழுந்து நின்றார்கள். கைகள் குவிந்தன. கண்கள் மூடின. ஃபிரிட்ஜின் உறுமல் மட்டும் கேட்டது.

"ஆண்டவரே, இந்த நல்ல நாளுக்காக நன்றி. எங்க வீடு தேடி வந்திருக்கிற இவங்களுக்காக நன்றி. நீர் எங்களுக்குக் கொடுத்த..."

அவள் அங்கே நின்றுவிட்டாள். 'நீர் எங்களுக்குக் கொடுத்த எல்லா நன்மைகளுக்காகவும்' என்பது அவள் எத்தனையோ முறை சொன்ன வாசகம். யோசிக்காமலே வரும். இன்று வரவில்லை. எதை அவர் கொடுத்தார்? எது இங்கே நம்முடையது? கண்ணைத் திறந்தாள். அடுப்பங்கரைத் திரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை அகலத்துக்கு இடைவெளி. அதில் அவள் அம்மா தெரிந்தாள். முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, மண்டியிட்டு, கைகுவித்து, கூடத்தில் நடக்கும் ஜெபத்தில் அங்கிருந்தே கலந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அந்த வெடித்த பாதங்கள் இரண்டும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீர் எங்களுக்குக் கொடுத்த அக்கம்பக்கத்து மனுசங்களுக்காக நன்றி ஆண்டவரே. அவங்க வீட்டு ஃபிரிட்ஜை எங்களுக்குக் கொடுத்து உதவின சுலோசனா அத்தைக்காக நன்றி. இந்த வெயில்ல அவங்க வீட்டுப் பால் திரிஞ்சி போகாம பாத்துக்கும். இந்தச் சோபாவைக் கொடுத்த மாயவன் மாமாவுக்காக நன்றி. வாசல்ல நிக்கிற வண்டிக்காகவும், அந்த வண்டிக்காரர், எங்கப்பாவுக்கு உப்பளத்துல கூலி வேலை குடுக்கிற கார்த்திகேசன் சாருக்காகவும் நன்றி."

யாரோ மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. ஆனால் ஜெபத்தின் நடுவில் குறுக்கே பேசுகிறவர்கள் அந்தச் சனத்தில் இல்லை. சூசைமாணிக்கத்தின் குவிந்த கைகளும் பிரியவில்லை.

"அந்த உப்பைத் தலையில சுமந்து எங்க ரெண்டு பேரையும் வளத்த எங்கம்மாவுக்காக நன்றி. அவங்களுக்குக் காய்ச்சல் ஒண்ணும் இல்லாம நல்லபடியா வெச்சிருக்கிறதுக்காகவும் நன்றி. ஆமென்."

கூடத்தில் ஒருவர் வாயிலிருந்தும் 'ஆமென்' வரவில்லை. அடுப்பங்கரையிலிருந்து மட்டும், மெல்லிய குரலில், பழக்கத்தால் ஒன்று வந்தது.

பிலோமினா யாரையும் கேட்கவில்லை. நேராகப் போய்த் திரையை விலக்கினாள். அந்தோணியம்மாள் அவசரமாக எழுந்து, கால்களை மறைக்க வழி தெரியாமல், ஒரு காலை இன்னொரு காலின்மேல் வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிலோமினா கூடத்துக்குத் திரும்பி வந்தாள்.

சின்னப்பன் தண்ணீர் டம்ளரைத் தொடாமல் தள்ளி வைத்தார்.

"எங்க வூட்லயும் ஒண்ணும் கொட்டிக் கெடக்கலிங்க. நான் தோட்ட வேலைக்காரன். உப்பு வாரறேன்னு நீங்க சொல்லியிருந்தா இன்னும் நெருக்கமா உக்காந்து பேசியிருப்பேன்." அவர் குரலில் சூடு இல்லை, அதுதான் அதிகம் சுட்டது. "பொருளை இரவல் வாங்கினதைக்கூட விடுங்க. பெத்தவளை அடுப்பங்கரையில வெச்சிட்டுப் பேசற சம்பந்தம் எனக்குப் புரியல. நாங்க வர்றோம்."

போனார்கள். போகும்போது அருள்தாஸ் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். காபி அப்படியே இருந்தது.

ரோஸ்லின்தான் முதலில் பேசினாள். "என் படிப்பை எடுத்துக்கிட்ட, நான் ஒண்ணும் சொல்லல. இப்ப இதையும் எடுத்துக்கிட்ட. உனக்கு ஹாஸ்டல் இருக்குது ஜெசி, திங்கக்கெழமை பஸ் ஏறிப் போயிடுவ. நான் எங்க போவேன்?" அவள் அழவில்லை. புடவையின் மடிப்புகளை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சூசைமாணிக்கம் நின்ற இடத்திலேயே நின்றார்.

"வாயைத் தொறக்க மாட்டேன்னு சொன்ன" என்றார். "யூதாஸ் முத்தம் குடுத்துட்டுக் காட்டிக் குடுத்தான். நீ ஜெபம் சொல்லிக் காட்டிக் குடுத்துட்ட."

அந்த வார்த்தை ஜெசிந்தாவை அறைந்தது.

"சரிப்பா. அக்காவுக்கு நான் செஞ்சது பாவம்தான். ஆனா குடைய எடுத்துட்டு என்னைக் குப்பம் வரைக்கும் நடக்க வெச்ச அப்பா எங்க? நான் அவரைப் பத்திக் காலேஜ் முழுக்கச் சொல்லி வெச்சிருக்கேன். அவரை யாரு காட்டிக் குடுத்தது?"

அவர் கையை ஓங்கவில்லை. வெளியே போய்ச் சுலோசனாவின் கணவர் தட்சணாமூர்த்தியைக் கூப்பிட்டார்.

மத்தியான வெயிலில் இரண்டு ஆண்களும் ஃபிரிட்ஜைத் தூக்க வந்தார்கள். அந்தோணியம்மாள் முன்னால் போய், மாதா படத்தை ஓரத்திலிருந்து நகத்தால் மெல்ல எடுத்தாள். கிழியாமல் வந்தது. அடியில் இருந்த பிள்ளையாரும் முழுதாக இருந்தார். படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பழைய ஆணியில் மாட்டினாள்.

கூடவே வந்திருந்த சுலோசனாவுக்கு விஷயம் முழுவதும் தெரிந்துவிட்டிருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் பேசியது அந்தப் பக்கம் கேட்காமல் இருக்குமா? அவள் பிள்ளையாரைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

"பாவம், எங்க சாமி மூணு நாளா ஒளிஞ்சிட்டு இருந்துச்சி" என்றாள் கணவனிடம். பிறகு சூசைமாணிக்கத்தைப் பார்த்து, சிரிக்காமல் சொன்னாள். "எங்க சாமிக்காவது பரவாயில்லண்ணே, அது உங்க மாதாவுக்குப் பின்னால ஒளிஞ்சுது. எங்க அண்ணி என் பொட்டிக்குப் பின்னால இல்ல ஒளிஞ்சாங்க. இப்படின்னு தெரிஞ்சிருந்தா நான் குடுத்திருக்கவே மாட்டேன்."

"ஏய், நீ சும்மா இரு" என்றார் தட்சணாமூர்த்தி.

"நான் ஏன் சும்மா இருக்கணும்? மாவு எடுக்க வந்தவளுக்குக்கூட இந்த வூட்டுக் கூடத்துல எடம் உண்டு. சோறாக்கினவளுக்கு இல்ல."

சூசைமாணிக்கம் ஃபிரிட்ஜைத் தூக்கிய கையோடு அப்படியே நின்றார். குனிந்திருந்ததால் அவர் கண்ணுக்கு நேராக மனைவியின் பாதங்கள் இருந்தன. அந்தோணியம்மாள் இப்போது அவற்றை மறைக்கவில்லை. அவருடைய பலகையும் அவளுடைய கூடையும் ஒரே உப்பில்தான் நனைந்தன. அவர் வாரி வரப்பில் ஏற்றியதை, இத்தனை வருடமாக, அவள் தலையில் சுமந்து மேட்டுக்குக் கொண்டுபோனாள். தன் கையை மடித்து மறைத்துக்கொள்ள அவரால் முடிந்தது. அவளை மறைக்க அடுப்பங்கரை தேவைப்பட்டது.

சோபா போனது. வண்டி போனது. ஆட்டுக் கொட்டகையின் மேலே தார்ப்பாயில் சுற்றி ஒளித்து வைத்திருந்த பலகையையும் கூடையையும் அவரே இறக்கிக் கொண்டுவந்து பழைய சுவரில் சாய்த்தார். பானையைக் கழுவி மூலையில் வைத்து, தானே குழாயடிக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வந்து ஊற்றினார். வீடு பழைய வீடாகிவிட்டது. ஆனாலும் அவர் உட்காரவில்லை. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார்.

வெயில் தாழத் தொடங்கியதும் தன் சொந்தச் சட்டையை எடுத்து மாட்டினார்.

"அந்தோணி, கெளம்பு."

"எங்க?"

"இடையஞ்சாவடிக்கு."

அவள் திகைத்தாள். "அவங்கதான் வேணாம்னு எழுந்து போயிட்டாங்களே. திரும்பப் போயி கால்ல விழவா?"

"சம்பந்தம் பேச இல்ல. அது போனா போவுது." அவர் பொத்தான்களைப் போட்டுக்கொண்டே சொன்னார். "அடுத்தவங்க பொருள் நம்ம வூட்ல ராத்திரி தங்கக் கூடாதுன்னேன். நம்ம பொய் மட்டும் அடுத்தவங்க வூட்ல ராத்திரி தங்கலாமா? பொழுது சாயறதுக்குள்ள போயி அதை எடுத்துட்டு வந்துடணும். ஜெசி, நீயும் வா. உன் ஜெபத்துல விட்டுப்போனதை நான் சொல்லணும்."

சாத்தியிருந்த கதவு திறந்தது. ரோஸ்லின் தங்கையைப் பார்க்கவே இல்லை. தனக்காக வாங்கிய புதுச் செருப்பைக் கொண்டுவந்து அம்மாவின் கால்முன்னால் வைத்தாள். அந்தோணியம்மாள் மாட்டிப் பார்த்தாள். வெடிப்பில் வார் உரசியது. கழற்றிவிட்டு, தன் பழைய ரப்பர் செருப்பையே போட்டுக்கொண்டாள்.

"அதுவே இருக்கட்டும்" என்றார் சூசைமாணிக்கம். "நீ முன்னால நட."

புதுச்சேரிப் பஸ் பிடித்து, இறங்கி, ஆட்டோவில் ஏறி அவர்கள் போய்ச் சேர்ந்தபோது சின்னப்பன் வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். குழாயை மூடாமலே நிமிர்ந்து பார்த்தார். பிலோமினா நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். சூசைமாணிக்கம் உட்காரவில்லை. மடித்து வைத்திருந்த கைகளை விரித்துக் காட்டினார்.

"நான் உப்பள மொதலாளி இல்லிங்க. கூலிக்கு வாரறவன். இவ என் பொண்டாட்டி அந்தோணியம்மாள். உப்புச் சுமக்கிறவ. இவளுக்குக் காய்ச்சல் எதுவும் இல்ல, எனக்குத்தான் இருந்தது. எங்க வூட்ல ஃபிரிட்ஜ் இல்ல, சோபா இல்ல, வண்டி இல்ல. என் பெரிய பொண்ணு நல்ல பொண்ணு; அவ எந்தப் பொய்யும் சொல்லல, எல்லாம் நான் சொன்னது. அதைத் திருப்பி எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன். வேற ஒண்ணும் கேக்க வரல."

குழாய்த் தண்ணீர் பாத்தி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. சின்னப்பன் குனிந்து அதை மூடினார்.

"பையனை ஒரு வார்த்தை கேக்கணும்" என்றார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "காலையில உங்க வூட்ல தண்ணிகூடக் குடிக்காம வந்துட்டோம். அடுத்த வாட்டி வரும்போது பானைத் தண்ணி குடுங்க" என்றார்.

பிலோமினா அதற்குள் அந்தோணியம்மாளின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போயிருந்தாள்.

திரும்பும்போது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸுக்காக நின்றார்கள். ஜெசிந்தா தள்ளி நின்றாள். அப்பாவை மன்னித்துவிட்டோமா என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு நாளில் உடைந்ததை அதே நாளில் ஒட்டவைக்க முடியாது. அக்கா இன்னும் பேசவில்லை. அதற்கு எத்தனை நாளாகுமோ. தியானத்தில் கட்டில்மேல் பொருள்களைப் பரப்பி வைத்துப் பிரித்ததை நினைத்தாள். இல்லாமல் வாழ முடியாதது என்று ஒன்றைத்தான் அன்று ஒதுக்கி வைத்தாள். நேற்று மதியம் அது தொலைந்துபோனது.

சூசைமாணிக்கம் அவளருகில் வந்து நின்றார்.

"யூதாஸ்னு சொல்லிட்டேன்."

"விடுங்கப்பா."

"விட முடியாது. தப்பான ஆளைச் சொல்லிட்டேன். காட்டிக் குடுத்தவன் நான்தான். ஒரு ஃபிரிட்ஜுக்கும் சோபாவுக்கும் உங்கம்மாவைக் குடுத்துட்டேன்." அவர் சாலையைப் பார்த்தபடியே, ஆனால் அந்தோணியம்மாளுக்கும் கேட்கும்படி சொன்னார். "கேட்டுக்க பாப்பா. வூட்ல பொருள் இல்லன்னா அது வெக்கம் இல்ல. ஒரு பொருளைக் காட்டறதுக்காக வூட்ல இருக்கிற மனுசரை மறைக்க வேண்டி வந்தா, அதுதான் வெக்கம். நம்ம குடும்பத்து மானம் எதுன்னு யாருனா கேட்டா, இனிமே உங்கம்மா காலைக் காட்டு."

பஸ் வந்தது. அந்தோணியம்மாள் முதலில் ஏறினாள்.